கிடையோடு நகரும் கர்ப்பிணிக்கு எந்த ஊர் சுகாதார நிலையம்?

போன வருஷம் தை கடைசியில் கிடையோடு மன்னார்குடிப் பக்கம் வந்து இறங்கியபோது எனக்கு ஐந்தாம் மாதம். சம்பா அறுத்த வயல்களில் செம்மறிக் கிடை போட ராமநாதபுரத்திலிருந்து வருஷா வருஷம் வரும் குடும்பம் எங்களுடையது. ராத்திரி ஆட்டை அடைத்தால் வயலுக்கு எரு, எங்களுக்குக் கூலி. சில ராத்திரி போனால் அடுத்த வயல், அப்புறம் அடுத்த ஊர், இப்படியே ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வரும்வரை ஓடும். தலைப்பிரசவம், அம்மா வீட்டுக்குப் போக வேண்டியதுதானே என்று நிறையப் பேர் கேட்டார்கள். என் அம்மாவும் ஒரு கிடையில்தான் இருக்கிறார், ஒரத்தநாட்டுப் பக்கம்.

எங்களைப் போலவே வாத்து மேய்ப்பவர்கள், செங்கல் சூளைக்கு வந்தவர்கள் என்று டெல்டாவில் நகர்ந்துகொண்டே இருக்கிற சனம் நிறைய. அவர்களில் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கர்ப்பத்தைப் பதிந்ததும் தரும் எண். ஆர்.சி.ஹெச். எண் என்பார்கள், பிக்மி எண் என்றும் சொல்வார்கள், 12 இலக்கம். மார்கழியிலேயே எங்கள் ஊர் நர்ஸம்மா என் பெயரைப் பதிந்து தாய் சேய் அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும், கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துப் பணத்துக்கும் இந்த எண்தான் ஆதாரம். மழையும் ஆட்டுக்குட்டிகளும் இருக்கிற இடத்தில் அட்டை எத்தனை நாள் தாங்கும்? அதனால் போட்டோ எடுத்து வைத்ததோடு விடாமல், டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதியும் வைத்தேன்.

வயலுக்குப் பக்கத்திலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு (பேர் வேண்டாம்) மாசியில் அத்தையோடு போனேன். செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகள் நாள், நல்ல கூட்டம். பெஞ்சில் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த பெண் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார். ஆட்டு வாடை, சோப்புப் போட்டாலும் போகாது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சீட்டு போடுகிறவர் ஆதாரைப் பார்த்துவிட்டு, “ராமநாதபுரமா? அங்கேயே போய்ப் பாத்துக்கம்மா, இங்க எழுதினா கணக்கு குழம்பும்” என்றார். நான் எழுந்துவிட்டேன். அத்தைதான் விடவில்லை. “வயலுக்கு எரு வேணும்னா எங்களைக் கூப்பிடுறீக, வயித்துப்புள்ளயப் பாக்கணும்னா மட்டும் ஊருக்குப் போகச் சொல்றீகளா?” என்று ஒரு சத்தம். உள்ளேயிருந்து பெரிய நர்ஸ் வந்தார். எண்ணைக் கேட்டு கம்ப்யூட்டரில் அடித்தார். என் பெயர், என் வீட்டுக்காரர் பெயர், மார்கழியில் போட்ட ஊசி, எடை எல்லாம் அப்படியே வந்தது. மாநிலம் முழுக்க ஒரே பதிவுதானே, எந்த ஊரில் அடித்தாலும் வரும்.

ஒன்று சொல்லியாக வேண்டும், அந்த நர்ஸம்மாக்கள் கெட்டவர்கள் இல்லை. சமவெளியில் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு, அவர்கள் நோட்டு வீடு வீடாகத்தான் போகும். எங்களுக்கு வீடே இல்லை என்றால் எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்? கடைசியில் என் பெயருக்குக் கீழே கதவு எண்ணுக்குப் பதிலாக எங்கள் கிடைக்குத் தலைவரான கீதாரியின் போன் நம்பரை எழுதிக்கொண்டார். என்னைக் கேட்டால் எல்லா ஊரிலும் அந்த நோட்டில் இப்படி நாலு பக்கம் ஒதுக்கி வைக்கலாம்.

ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 8.2 என்று வந்தது. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே சோகை. ஆடு மேய்க்கிற வீட்டில் தினமும் கறி என்று ஊர்க்காரர்கள் நினைக்கிறார்கள், நாங்கள் பெரும்பாலும் கஞ்சியும் ஊறுகாயும்தான், ஆடு விற்கிறதற்கு. இரும்புச் சத்து மாத்திரை மட்டும் போதாது, ட்ரிப்ஸில் இரும்பு மருந்து ஏற்ற வேண்டும், அதுவும் ஒரேயடியாக இல்லை, இடைவெளி விட்டு விட்டு என்றார் டாக்டர். சிக்கல் அங்கேதான். மருந்து முடிவதற்குள் கிடை திருத்துறைப்பூண்டிப் பக்கம் போயிருக்கும். என் வீட்டுக்காரர் கீதாரியிடம் போய் நின்றார். மாமன் முறைதான், ஆனாலும் பேசிவைத்த வயலை விட்டால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள் என்று அவருக்குக் கவலை. ராத்திரி வெகுநேரம் பேசி, கிடையை இரண்டாகப் பிரித்து எங்கள் ஆடுகளை மட்டும் அதே சுற்றில் குறைந்த கூலிக்குப் போட்டோம். மருந்து இலவசம்தான், அது கிடைக்க விட்ட கூலியை யார் கணக்கில் எழுதுவது?

பங்குனியில் சர்க்கரைப் பரிசோதனை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள், மடமடவென்று குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். நடுவில் வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் வர வேண்டும் என்று சொன்னதால், புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சர்க்கரை இல்லை.

முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய், அதில் 14,000 பணமாக, மிச்சம் ஊட்டச்சத்துப் பெட்டகமாக. வங்கிக் கணக்கு பெண் பெயரில் இருக்க வேண்டும், கிளம்புவதற்கு முன்பே ஊரில் ஆரம்பித்துவிடுங்கள்.

108ஐப் பற்றித்தான் ரொம்ப யோசித்தோம். நடு வயலில் இருந்துகொண்டு என்ன விலாசம் சொல்வது? கிடை மாறும்போதெல்லாம் தார்ரோட்டில் பக்கத்திலிருக்கும் ஒரு அடையாளத்தை, ஐயனார் கோயில், பம்ப் செட் கொட்டகை, மதகு, ஏதோ ஒன்றைப் பேசி வைத்து, ஊராட்சி பெயரோடு என் வீட்டுக்காரர் மனப்பாடம் செய்துகொள்வார். வைகாசியில் ஒரு விடியற்காலை வலி எடுத்தபோது “மதகுக்குப் பக்கத்துல நிக்கிறோம், டார்ச் அடிக்கிறோம்” என்று சொன்னதும் வண்டி நேராக வந்துவிட்டது.

ரத்தம் குறைவாக இருந்தவள் என்பதால் மன்னார்குடி அரசு மருத்துவமனையிலேயே பிரசவம், சுகப்பிரசவம், பெண் குழந்தை, 2.6 கிலோ. பிறந்த ஊரில்தான் பிறப்பைப் பதிவார்கள். வெளியூர்க்காரர்கள் ஊரைவிட்டுக் கிளம்புவதற்குள் பிறப்புச் சான்றிதழைக் கையில் வாங்கிவிடுவது நல்லது. நிலத்துக்கார அக்கா அவர்கள் வீட்டுத் திண்ணையை எங்களுக்கு விட்டதால் காத்திருந்து வாங்கினோம்.

ஒன்றரை மாத ஊசி போடும்போது புதுக்கோட்டைப் பக்கம் இருந்தோம். புதன்கிழமை பார்த்து அங்கிருந்த துணை சுகாதார நிலையத்துக்குப் போனோம். அட்டையைப் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள், சொட்டு மருந்து கொடுத்தார்கள். எந்த ஊர் என்று கேட்டது, காய்ச்சல் வந்தால் யாருக்கு போன் செய்வது என்று சொல்லத்தான்.