முதல் டிஎஸ்எல்ஆர்: டி3500, 1500டி, ஓரத்தில் ஒரு கே-70

மேசையில் மூன்று டிஎஸ்எல்ஆர் (உள்ளே மிரர் உள்ள, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) பாடிகள், அதாவது லென்ஸ் இல்லாத கேமரா உடல்கள். நிக்கான் டி3500, கேனான் 1500டி இரண்டும் 2018-இல் வந்தவை. பென்டாக்ஸ் கே-70 அதற்கு இரண்டு வருடம் மூத்தது. மூன்றுமே ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபிலிம் சட்டத்தைவிடச் சின்னது), 24 மெகாபிக்சல், கேமராவோடு சேர்த்து விற்கும் 18-55 கிட் லென்ஸ். அதோடு நிக்கானுக்கு 35 மி.மீ. எஃப் 1.8, கேனானுக்கு 50 மி.மீ. எஃப் 1.8 (எஃப் எண் சின்னதானால் லென்ஸின் திறப்பு பெரிது). முதல் கேமராவைப் பழையதாக வாங்குகிறவர்கள் நிறைய என்பதால், பழைய பாடியைச் சோதிக்கும் முறையும் இதில் சேர்ந்திருக்கிறது.

முதல் நாள்: லென்ஸைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தல்

படத்தரத்தை ஒப்பிடும் முன் செய்ய வேண்டிய வேலை இது. பலர் கடைசியில்தான் செய்கிறார்கள்.

நிக்கானின் பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸைத் திருப்பினால், உலோக வளையத்தின் ஓரத்தில் திருகாணித் தலை மாதிரி ஒரு சின்னப் பள்ளம் தெரியும். பாடியிலிருந்து நீளும் குட்டி ஸ்க்ரூடிரைவர் முனை அதில் உட்கார்ந்து சுழன்றால்தான் லென்ஸ் ஃபோகஸ் ஆகும். டி3500-இன் மவுண்ட் (லென்ஸ் மாட்டும்) வளையத்தில் அந்த முனை கிடையாது. டி3000, டி5000 வரிசைகள் முழுக்கவே அப்படித்தான். டி90, டி7000 வரிசையில் உண்டு. ஆக 50 மி.மீ. எஃப் 1.8டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி டி3500-இல் மாட்டினால் ஒளியை அளக்கும் மீட்டர் வேலை செய்யும், ஃபோகஸை மட்டும் கையால் திருப்ப வேண்டும். இந்த பாடிக்குத் தேட வேண்டிய எழுத்து ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி, அதாவது மோட்டார் உள்ளேயே இருக்கும் லென்ஸ். இரண்டாவதிலும் ஒரு முள் இருக்கிறது: ஏஎஃப்-பி லென்ஸ் டி3500-இல் சரளமாக ஓடும், டி3100, டி3200 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. பழைய பாடியும் புதிய கிட் லென்ஸும் தனித்தனியாக வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கேனானில் இந்தத் தலைவலி இல்லை. 1987-இல் ஈஎஃப் மவுண்ட் வந்த நாளிலிருந்தே மோட்டார் லென்ஸுக்குள் இருக்கிறது. சிவப்புப் புள்ளி போட்ட ஈஎஃப், வெள்ளைச் சதுரம் போட்ட ஈஎஃப்-எஸ் இரண்டும் 1500டி-யில் மாட்டும். பிறகு ஃபுல் ஃபிரேமுக்கு (ஃபிலிம் அளவுப் பெரிய சென்சாருக்கு) போனால் வெள்ளைச் சதுர லென்ஸ்கள் அங்கே மாட்டா. இன்னொரு எச்சரிக்கை: ஃபிலிம் காலத்து சிக்மா லென்ஸ்கள் சில, ஈஎஃப் மவுண்டாகவே இருந்தாலும் டிஜிட்டல் பாடியில் பிழை எண் காட்டி நின்றுவிடும். பாடியைக் கையோடு கொண்டுபோய், அப்பெர்ச்சரை (லென்ஸின் திறப்பை) எஃப் 8-க்குக் குறைத்து ஒரு படம் எடுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. முழுதாகத் திறந்த நிலையில் சரியாக வேலை செய்து, அப்பெர்ச்சர் மூட வேண்டிய நேரத்தில் மட்டும் முரண்டு பிடிக்கும் லென்ஸ்கள் உண்டு.

மேனுவல் லென்ஸ் ஆசை இருந்தால் கணக்கு மாறுகிறது. மவுண்டிலிருந்து சென்சார் வரை நிக்கானில் 46.5 மி.மீ., கேனானில் 44 மி.மீ. இடையிலுள்ள 2.5 மி.மீ. தடிமனுக்கு அடாப்டர் வளையம் வைத்து நிக்கான் லென்ஸைக் கேனானில் மாட்டலாம், தொலைவும் ஃபோகஸ் ஆகும். கேனான் லென்ஸை நிக்கானில் மாட்ட வழியில்லை. பென்டாக்ஸோ 1975-இல் வந்த கே மவுண்டையே இன்னும் வைத்திருக்கிறது. அப்பெர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸுக்கு, மெனுவில் வளையப் பயன்பாட்டை அனுமதித்துவிட்டு, எம் மோடில் (எல்லாவற்றையும் கையால் வைக்கும் முறையில்) பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஷட்டர் வேகத்தைக் கேமராவே வைத்துக்கொள்ளும். அதே காலத்து நிக்கான் லென்ஸ் டி3500-இல் மாட்டும், ஆனால் மீட்டர் செத்துப்போகும். ஒளிப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டியதுதான்.

இரண்டாம் நாள்: இல்லாதவற்றின் பட்டியல்

விளம்பரத்தில் இருப்பதைத்தான் போடுவார்கள். இல்லாததை நாமே பாடியைத் திருப்பித் திருப்பித் தேட வேண்டும்.

1500டி-யின் ஃபிளாஷ் மாட்டும் தண்டவாளத்தை மேலிருந்து பாருங்கள். வழக்கமாக நடுவில் பெரிய வட்டத் தொடுமுனை ஒன்றும் அதைச் சுற்றிச் சின்னவை சிலவும் இருக்கும். இதில் நடுவட்டம் இல்லை. எந்த நிறுவனத்துச் சாதாரண ஃபிளாஷையும், ஸ்டூடியோ ட்ரிகரையும் (தள்ளி வைத்த ஃபிளாஷை இயக்கும் கருவி) வெடிக்க வைப்பது அந்த நடுமுனைதான். கேனான் மொழி பேசும் ஃபிளாஷ் இருந்தால் கவலையில்லை. ஒற்றை முனை ட்ரிகர் மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த பாடி ஆகாது. 3000டி, 200டி-யின் இரண்டாம் பதிப்பு இரண்டிலும் இதே கதை. டி3500-இல் நடுமுனை இருக்கிறது.

டி3500-இல் இல்லாதது ரிமோட் துளை. கேபிள் மாட்ட முடியாது, அகச்சிவப்பு ரிமோட்டையும் கேட்காது. இரண்டு நொடி டைமர், அல்லது ப்ளூடூத்தில் ஃபோன். இரவு வானம், பட்டாசு, 30 நொடிக்கு மேல் போகும் எக்ஸ்போஷர் என்று கனவு இருந்தால் இது பெரிய குறை. 1500டி-யில் 2.5 மி.மீ. துளை இருக்கிறது, சாதாரண கேபிள் போதும். ஒரே காட்சியை வெவ்வேறு ஒளி அளவில் அடுத்தடுத்து எடுக்கும் எக்ஸ்போஷர் பிராக்கெட்டிங்கும் கேனானில் உண்டு, டி3500-இல் இல்லை. மைக் துளை இரண்டிலுமே இல்லை. வீடியோதான் முக்கியம் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு, லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து எடுக்கும் முறையில்) வேகமாக ஃபோகஸ் பிடிக்கும் 200டி-யைப் பார்க்கலாம்.

பேட்டரியில் நிக்கான் ஓடிப்போய்விடுகிறது. சிபா (ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கம்) அளவுகோலில் ஒரு சார்ஜுக்கு டி3500 தருவது 1,550 படம், 1500டி தருவது 500.

மூன்றாம் நாள்: கையில் பிடித்தல்

பேட்டரியோடு டி3500 415 கிராம், 1500டி 475, கே-70 688. எடை அதிகம் என்று கே-70-ஐ ஒதுக்கும் முன் வியூஃபைண்டரில் கண்ணை வைக்க வேண்டும். அதில் ஒரே கண்ணாடிக் கட்டியாலான பென்டாப்ரிசம், படத்தில் விழும் காட்சி 100 சதவீதமும் தெரியும். மற்ற இரண்டிலும் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரித் துண்டுகளை ஒட்டிச் செய்த பென்டாமிரர், காட்சி 95 சதவீதம். இருட்டான அறையில் மாறி மாறிப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கே-70-இல் இரண்டு டயல், மழைச்சாரல் தாங்கும் சீல் வேறு. ஒற்றை டயல் பாடிகளில் எம் மோடில் அப்பெர்ச்சரை மாற்ற ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே டயலைச் சுற்ற வேண்டும். பத்து நிமிடத்தில் விரல் பழகிவிடும் என்று சொல்வார்கள். பழகும், ஆனால் எரிச்சல் போகாது.

நிக்கானில் லென்ஸ் மாட்டும் திசையும், ஜூம் சுழலும் திசையும் கேனானுக்கு நேர் எதிர். வீட்டில் ஏற்கெனவே ஒரு கேமரா இருந்தால் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

நான்காம் நாள்: படம்

ஒப்பிடும் முன் மெனுவில் அணைக்க வேண்டியவை: நிழலைத் தானே தூக்கிவிடும் வசதி (நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங், கேனானில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர்), இரண்டிலும் உயர் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) இரைச்சல் குறைப்பு. இவற்றை விட்டுவைத்துவிட்டு 'இந்த பிராண்டில் நிழல் தெளிவாக வருகிறது' என்பது கேமராவுக்குள் இருக்கும் எடிட்டரை ஒப்பிடுவது. கேனானில் ஹைலைட் டோன் பிரையாரிட்டி போட்டிருந்தால் ஐஎஸ்ஓ 200-க்குக் கீழே இறங்காது, அதையும் எடுத்துவிட வேண்டும். ஆட்டோ மீட்டரை நம்பாமல் இரண்டுக்கும் ஒரே எண்களைக் கையால் வைக்க வேண்டும்.

ட்ரைபாட், ரா (கேமரா பதப்படுத்தாத கோப்பு), ஐஎஸ்ஓ 100, எஃப் 8. சரியான எக்ஸ்போஷர் 1/30 என்றால், 1/60, 1/125, 1/250 என மூன்று படி குறைத்து எடுத்து, கணினியில் அதே அளவு தூக்கிப் பார்த்தது. ஒரு படி வரை இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்று படி தூக்கியதும் 1500டி-யின் கறுப்புத் துணி மடிப்புகளில் திட்டுத் திட்டாக நிறம் ஊறியது. டி3500-இல் மணல் மாதிரி சீரான புள்ளிதான். இத்தனைக்கும் டி3500 ரா 12 பிட், கேனான் 14 பிட். பிட் எண்ணிக்கையை வைத்துக் கேமரா வாங்குகிறவர்களுக்கு இது நல்ல மருந்து. ஜேபெக் மட்டும் எடுப்பவருக்கு இந்தச் சோதனையே தேவையில்லை.

கை நடுக்கச் சோதனை: 55 மி.மீ., 1/15 நொடி, பத்துப் படம் நிலைப்படுத்தலோடு, பத்துப் படம் இல்லாமல். 55-ஐ ஒன்றரையால் பெருக்கினால் ஏறக்குறைய 80, அதாவது கைக்குப் பாதுகாப்பான வேகம் 1/80. 1/15-இல் நிலைப்படுத்தல் இல்லாவிட்டால் பெரும்பாலும் குப்பை. ஆகவே கிட் லென்ஸின் உருளையில் நிக்கானுக்கு விஆர், கேனானுக்கு ஐஎஸ் என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். அது இல்லாத மலிவுப் பதிப்புகளும் கிட்டாக வருகின்றன. கே-70-இல் சென்சாரே அசைந்து ஈடுகட்டுவதால் எந்த லென்ஸுக்கும் அது கிடைக்கும். ஆனால் பழைய மேனுவல் லென்ஸ் மாட்டினால் கேமரா ஃபோகல் லென்த் கேட்கும். 50-க்குப் பதில் 135 என்று முந்தைய எண்ணை அப்படியே விட்டுவிட்டால் இல்லாத நடுக்கத்தை அதுவே உண்டாக்கும்.

ஐந்தாம் நாள்: ஃபோகஸ் தள்ளிப்போகிறதா

அச்சடித்த தாளை 45 டிகிரி சாய்வாக வைத்து, நடு வரியில் நடுப் புள்ளியை வைத்து, எஃப் 1.8-இல் பத்துப் படம். ஒவ்வொன்றுக்கும் முன் ஃபோகஸ் வளையத்தைத் தொலைவுக்கு ஒருமுறை, கிட்டத்துக்கு ஒருமுறை கலைக்க வேண்டும். பத்தும் ஒரே பக்கம் தள்ளியிருந்தால் அளவீட்டுப் பிழை. இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தால் ஒளி குறைவு அல்லது கை. பிறகு லைவ் வியூவில் அதே வரி. அங்கே கூர்மையாக வந்து, வியூஃபைண்டர் வழியில் மங்கினால் லென்ஸின் ஒளியியலில் குறையில்லை, ஃபேஸ் சென்சாருக்கும் (வியூஃபைண்டர் வழியில் ஃபோகஸை அளக்கும் பாகம்) லென்ஸுக்கும் ஒத்துப்போகவில்லை. டி3500, 1500டி இரண்டிலும் இதை நாமே திருத்த மெனு இல்லை, கே-70-இல் உண்டு. லென்ஸை மாற்றிக் கேட்பதுதான் வழி.

இதற்கெல்லாம் முன் வியூஃபைண்டர் பக்கத்திலிருக்கும் டையாப்டரை (கண் பார்வைக்கு ஏற்ப மாற்றும் சக்கரம்) சரிசெய்ய வேண்டும். காட்சியைப் பார்த்து அல்ல, உள்ளே தெரியும் ஃபோகஸ் புள்ளிகளும் எண்களும் கூர்மையாகும் வரை. 'கேமரா மங்கல்' என்ற புகாரில் சில இதோடு தீர்ந்துவிடும்.

பழைய பாடிக்குக் கடைசிச் சோதனை

தூசி: ஐஎஸ்ஓ 100, எஃப் 22, வெள்ளைத் தாள் கிட்டத்தில், ஃபோகஸ் தொலைவில், இரண்டு நொடி ஷட்டர், திறந்திருக்கும்போது கேமராவை மெல்ல அசைக்க வேண்டும். தாளின் நார் கலைந்துபோகும், தூசி மட்டும் அசையாமல் நிற்கும். படத்தில் மேலே இடது மூலையில் தெரியும் புள்ளி, கேமராவை முன்னிருந்து பார்த்தால் சென்சாரின் கீழ் இடது மூலையில் இருக்கும். கை ஊதுகுழலால், மவுண்டைக் கீழ்நோக்கிப் பிடித்து ஊதினால் பெரும்பாலும் போய்விடும். டி3500-இல் சென்சாரைத் தானே உதறிச் சுத்தம் செய்யும் வசதி கிடையாது என்பதால் இது அடிக்கடி வரும் வேலை. ஊதுவதற்காக மிரரைத் தூக்கி வைக்கும்போது பேட்டரி நிறைய இருக்க வேண்டும், நடுவில் சார்ஜ் போனால் மிரர் கீழே விழும்.

ஷட்டர் எண்ணிக்கை: நிக்கானில் அப்போதே எடுத்த ஜேபெக்கின் எக்சிஃபிலேயே (படக் கோப்போடு சேர்ந்த தகவல் குறிப்பு) இருக்கும். 1500டி அதைப் படத்தில் எழுதுவதில்லை, யூஎஸ்பி வழியாகத் தனி மென்பொருளில் படிக்க வேண்டும். கோப்பின் எண் 9999-ஐத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து ஓடும், அதைக் காட்டி 'இரண்டாயிரம் படம்தான் எடுத்தது' என்றால் நம்ப வேண்டாம்.

லென்ஸில் பூஞ்சை: பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பார்த்தால் சிலந்தி வலை இழை மாதிரித் தெரியும். நிக்கான் லென்ஸைக் கழற்றியதும் அப்பெர்ச்சர் மூடிக்கொள்வது இயல்பு. பின்னாலுள்ள நெம்புகோலை விரலால் தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும். விரலை எடுத்ததும் இதழ்கள் சட்டென்று மூட வேண்டும். சோம்பலாக மூடினால் அங்கே எண்ணெய் படிந்திருக்கிறது.