பட்டான் என்றால், கொன்றது யார்?

பாட்டிலும் கூத்திலும் சினிமாவிலும் வரும் போர்ப் பேச்சைப் படிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பெயரடைகளைத்தான் முதலில் பொறுக்குவார்கள். வீரம், மானம், தியாகம் என்று நோட்டு நிறையும், விஷயம் நகராது. வினைச்சொல்லைப் பிடியுங்கள், வேலை தானாகத் தொடங்கிவிடும்.

பழைய நடுகற்களில் திரும்பத் திரும்ப வரும் வாய்பாடு ‘தொறு மீட்டுப் பட்டான் கல்’. தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் செத்தான். மீட்டவன் யார், விழுந்தவன் யார் என்று தெரிகிறது. வெட்டியவனுக்கு அந்த வாய்பாட்டில் இடமே இல்லை. ‘படு’ அப்படிப்பட்ட வினை. கண் படுகிறது, வெயில் படுகிறது, அதுபோல ஆளும் பட்டுவிடுகிறான். போரைப் பாடும் மொழி எதுவானாலும் இப்படிச் சில வினைகளைக் கையில் வைத்திருக்கும். முதலில் அவற்றைத் தேடி எடுக்க வேண்டும்.

புறநானூறு 279, ஒக்கூர் மாசாத்தியார் பாடல், இதைப் பழக நல்ல இடம். 11 அடிதான். எழுவாய்க்கு ஒரு நிறம், வினைமுற்றுக்கு ஒரு நிறம், வினையெச்சத்துக்கு ஒரு நிறம் என்று கோடு போடுங்கள். பாட்டு ஒரு தாயைப் பற்றியது. முன்பு நடந்த போரில் அவள் தந்தை யானையை வெட்டி வீழ்த்தி ‘ஒழிந்தனன்’. நேற்று அவள் கணவன் ஆநிரையைக் காத்துப் ‘பட்டனன்’. இங்கேயும் கொன்றவன் பெயர் இல்லை. இன்று போர்ப்பறை கேட்கிறது. கேட்டு, விருப்புற்று, மயங்கி, கொடுத்து, விரித்து, உடீஇ, நீவி என்று ஏழு எச்சங்கள் வரிசையாக வந்த பிறகுதான் ‘விடுமே’ (அனுப்புகிறாள்) என்ற முற்று வருகிறது. ஒரே மகனைப் போருக்கு அனுப்பப் போகிறவள் அனுப்பாமல் கைவேலை பார்த்துக்கொண்டே இருக்கிறாள். வரிசையையும் பாருங்கள். பிள்ளையைக் கிளப்பும் தாய் தலைக்கு எண்ணெய் தடவி, துணி உடுத்தி, கடைசியில்தான் கையில் பொருளைக் கொடுப்பாள். இவள் முதலில் வேலாயுதத்தைக் கொடுக்கிறாள், பிறகு வெள்ளைத்துணி உடுத்துகிறாள், எண்ணெய் கடைசியில். ‘மயங்கி’ என்ற சொல் சும்மா வரவில்லை. அந்த மகனுக்கோ சொந்தமாக ஒரு வினை கூட இல்லை. அவனுக்குக் கிடைப்பது ‘செல்க’ என்ற கட்டளை மட்டும்.

இந்தப் பாட்டுக்கு வீரத்தாய் என்று தலைப்புப் போட்டு முடித்துவிடுவது பெரிய பிழை. பாட்டின் முதல் சொற்களே ‘கெடுக சிந்தை’, இவள் நினைப்பு கெடட்டும் என்று. திணை வாகை (வெற்றி), துறை மூதின்முல்லை (மறக்குடிப் பெண்ணின் வீரம்) என்ற அடிக்குறிப்பு, பாட்டைத் தொகுத்து வகைப்படுத்தியவர்கள் கொடுத்த வாசிப்பு. முதல் தடவை படிக்கும்போது அதைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். பிறகு திறந்து பார்த்தால், அந்தத் துறைப்பெயர் எதைத் தூக்கிக் காட்டுகிறது, எதை அமுக்குகிறது என்பது பிடிபடும்.

இசைக்கு நம் தென்மாவட்டப் பக்கத்தில் வில்லுப்பாட்டு இருக்கும்போது வேறு பாடம் தேவையில்லை. முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவன், இன்று காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிறான், செருப்பைக் காணிக்கையாக வாங்குகிறான். கோயில் கொடைவிழாவில் இதைக் கேட்கப் போனால், விழாக்காரர்களிடமும் பாட்டை நடத்தும் அண்ணாவியிடமும் அனுமதி வாங்கிக்கொண்டு பதிவு செய்யுங்கள். போனை உடுக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் பக்கத்தில் வைத்தால் சொல் ஒன்றும் தேறாது. பின்பாட்டுக்காரர் பக்கம் வையுங்கள். பிறகு எழுதி எடுக்கும்போது மூன்றைக் குறியுங்கள்: தாளம் எங்கே முறுகுகிறது, பின்பாட்டுக்காரரின் ‘ஆமா’ எங்கே விழுகிறது, பாட்டு நின்று வசனம் எங்கே வருகிறது. அடி வேகமெடுக்கும்போது காரணம் சொல்லும் வாக்கியங்கள் குறைந்து, பெயரும் ஆயுதமும் அடுக்கடுக்காக வரும். கேட்பவன் யோசிப்பதற்கு அங்கே இடைவெளி கிடையாது. கதைத்தலைவன் சாகும் இடத்தில் சாமி இறங்கினால் அதையும் நேரத்தோடு எழுதுங்கள். அந்த இடத்தில் சாவு செய்தியாக நிற்பதில்லை, அருளாகிவிடுகிறது.

சினிமாவுக்கு 1959-இல் வந்த வீரபாண்டிய கட்டபொம்மன். பந்துலு இயக்கியது, வசனம் சக்தி கிருஷ்ணசாமி. கட்டபொம்மன் வரி கேட்கும் ஆங்கிலேய கலெக்டர் ஜாக்சன் துரையோடு பேசும் காட்சியை மூன்று தடவை பாருங்கள்: திரையைக் கவிழ்த்துவிட்டுக் குரல் மட்டும், ஒலியை அணைத்துவிட்டு முகம் மட்டும், பிறகு இரண்டும் சேர்த்து. வசனம் முழுக்கக் கேள்வி. நாற்று நட்டாயா, களை பறித்தாயா என்று வயல்வேலையும் மஞ்சள் அரைப்பதும் வரிசையாக வந்து, கடைசியில் மாமனா மச்சானா என்று உறவுமுறையில் போய் விழுகிறது. வரி என்ற கணக்கு விவகாரம் வீட்டு மானமாக மாறுவது அந்த வரிசையால்தான். கவனிக்க வேண்டியது ‘எங்கள்’. பாளையக்காரரான கட்டபொம்மனும் குடிகளிடம் வரியும் காவல் பணமும் வாங்கியவர். வசனம் அவரை நடவு நடுகிறவர்கள் பக்கம் நிறுத்துகிறது, கொட்டகையில் இருப்பவனையும் கூடவே சேர்த்துக்கொள்கிறது. அசாத்தியமான எழுத்து. அதனாலேயே அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1798-இல் இராமநாதபுரத்தில் நடந்த சந்திப்பு வேறு, 1799 அக்டோபரில் கயத்தாற்றில் நடந்த தூக்கு வேறு, அதற்கு 160 ஆண்டு கழித்து வந்த வசனம் வேறு. மூன்றையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். கயத்தாற்றில் அவருக்குச் சிலை வைத்தது படத்தில் நடித்த சிவாஜி கணேசன் என்பதை நான்காவது தாளில் எழுதலாம்.

அதே படத்தில் வெள்ளையம்மாள், போருக்குப் புறப்படும் கணவன் வெள்ளையத்தேவனிடம் பாடும் ‘போகாதே போகாதே என் கணவா’ இருக்கிறது. கெட்ட கனவு கண்டதைச் சொல்லித் தடுக்கிறாள். இதை 279-க்கு எதிர்ப்பக்கத்தில் எழுதிவைத்துக் கோடு போடுங்கள். அங்கே ‘செல்க’, இங்கே ‘போகாதே’. இரண்டும் கட்டளைதான். ஒன்றில் வேல் கைமாறுகிறது, இன்னொன்றில் கனவைத் தவிர அவள் கையில் எதுவுமில்லை. ஜாக்சன் காட்சியின் கேள்விகளுக்குக் கைதட்டிய அதே கொட்டகை, இந்தப் பாட்டுக்கு என்ன செய்திருக்கும் என்று கேட்டுக்கொண்டே இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள்.