சுழல்கிறது, பயாஸில் மட்டும் இல்லை: உப்புக்காற்று பட்ட ஒரு ஹார்ட் டிஸ்க்

வேதாரண்யம் உப்பளப் பக்கத்திலிருந்து வந்த டெஸ்க்டாப். விண்டோஸ் தனியாக ஒரு எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) இருப்பதால் பூட் ஆகிறது. டேட்டா இருந்த 3.5 அங்குல 1 டிபி டிஸ்க்தான் ஐப்பசி மழையோடு காணாமல் போயிருக்கிறது. ஆன் செய்தால் லோகோவிலேயே அரை நிமிஷம் நிற்கிறது. விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டு மென்பொருளான பயாஸின் பட்டியலில் டிஸ்க்கின் பெயர் இல்லை. அங்கேயே பெயர் வராதபோது விண்டோஸுக்குள் டிரைவர் தேடிப் பயனில்லை.

முதல் நாள்

முதலில் காது. சுழலும் சத்தம் சீராகக் கேட்கிறது. டிக் டிக் என்ற தட்டலோ பீப் ஒலியோ இல்லை. தட்டல் கேட்டிருந்தால் அந்த நொடியே கரண்டை நிறுத்தியிருக்க வேண்டும். டேட்டாவைப் படிக்கும் ஹெட் பழுதாகியிருந்தால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும், டேட்டா எழுதியிருக்கும் சுழல்தட்டில் கீறல் கூடும். சத்தமே இல்லை என்றால் வேறு கதை: சாட்டா பவர் கனெக்டர், அல்லது வோல்டேஜ் திடீரென எகிறியதில் ஷார்ட் ஆன டிவிஎஸ் டயோடு (அதிக வோல்டேஜிலிருந்து டிஸ்க்கின் போர்டைக் காக்கும் பாகம்).

அடுத்து கேபிள். டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் பழைய சாட்டா கேபிளின் முனையில் செப்பு பச்சை பிடித்திருந்தது. லாக் உள்ள புதிய கேபிளைப் போட்டு முதல் போர்ட்டுக்கு மாற்றியதும் பயாஸில் பெயர் வந்துவிட்டது. (சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி மாட்டினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் தாமாகவே செயலிழக்கும். மதர்போர்டு கையேட்டில் இருக்கும். பலர் இதில்தான் ஒரு நாளைத் தொலைக்கிறார்கள்.)

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில், தட்டின் கெட்ட பகுதிகளைக் குறிக்கும் 05, சி5, சி6 மூன்றும் 0. சி7 மட்டும் 1,246. இது கேபிள் வழியில் டேட்டா கெட்டுப்போன எண்ணிக்கை. தட்டின் கோளாறு இல்லை. ஒருமுறை ஏறினால் இறங்காது, அதனால் எண்ணைக் குறித்துவைத்து மேலும் ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் முறை. மூல மதிப்பு வழக்கமாக 16 அடிமான எண்ணில் காட்டும். 10 அடிமானத்துக்கு மாற்றிவிட்டுப் படிக்கவும்.

20 நிமிஷம் ஓடியது. மறுபடி மறைந்தது.

இரண்டாம் நாள்

சாயங்காலம் வோல்டேஜ் இறங்குவதால்தான் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை) உள்ளே வருவதைச் சமாளித்துத்தான் வெளியே கொடுக்கிறது. அளந்து பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும். அதே எஸ்எம்பிஎஸ்ஸின் காலி மோலெக்ஸில் (நாலு முனை பவர் கனெக்டர்), டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் மீட்டர் வைத்ததில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 11.9 வோல்ட் (12 இருக்க வேண்டும்), சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 5.04 வோல்ட் (5 இருக்க வேண்டும்). ஐந்து சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம், அதாவது 11.4-க்கும் 4.75-க்கும் கீழே போகக் கூடாது. பவரில் குறை இல்லை.

மிச்சம் இருப்பது டிஸ்க்கின் அடிப்பக்கத்துப் போர்டு. டிஸ்க்கை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரில் பெரும்பகுதி தட்டிலேயே எழுதியிருக்கிறது. ஹெட்டுக்கும் போர்டுக்கும் இடையே தொடுமுனை சரியில்லை என்றால், மோட்டார் சுழன்றாலும் டிஸ்க் தன் பெயரைச் சொல்லாது. பயாஸ் காத்திருந்து பார்த்துவிட்டு மேலே போய்விடும். லோகோவில் நின்ற அரை நிமிஷம் இதுதான். சூடேறியதும் மறைவதும் இதற்குப் பொருந்துகிறது.

உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்கக் கேபினெட்டின் வெற்று உலோகத்தைத் தொட்டுவிட்டு, டார்க்ஸ் டி6 (நட்சத்திர முனை) திருப்புளியால் திருகுகளைக் கழற்றியதில் ஹெட் தொடுபட்டைகள் இரண்டு வரிசையும் கறுத்திருந்தன. பென்சில் ரப்பரால் மெதுவாக, பட்டை பளிச்சென்று தெரியும்வரை மட்டும் தேய்க்க வேண்டும். உப்புத்தாள் ஆகாது, மேல்பூச்சே போய்விடும். ரப்பர் துகளை 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, பத்து நிமிஷம் காயவிட்டு, போர்டுக்கு அடியில் இருந்த ஸ்பாஞ்சை இருந்த இடத்திலேயே வைத்துப் பூட்டியாயிற்று. டிஸ்க் பக்கத்து ஸ்பிரிங் முனைகளைத் தேய்க்கவில்லை, வளைந்தால் அத்தோடு சரி. மேல்மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது.

இதே மாடல் போர்டை வாங்கி மாற்றலாமே என்ற யோசனை பலருக்கு வரும். அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டிலுள்ள 8 கால் ரோம் சிப்பில் இருப்பதால், அதையும் எடுத்துப் புதிய போர்டில் சால்டர் செய்யாவிட்டால் பெரும்பாலும் ஓடாது.

மூன்றாம் நாள்

முதல் ஆனிலேயே பெயர் வந்தது, லோகோவில் நிற்கவில்லை. டிரைவ் எழுத்து மட்டும் வேறொன்றுக்குப் போயிருந்ததால் டிஸ்க் மேனேஜ்மென்டில் மாற்ற வேண்டியிருந்தது. அங்கே இனிஷியலைஸ் செய்யட்டுமா என்று கேட்டால், உள்ளே டேட்டா இருக்கும் டிஸ்க்குக்குக் கேன்சல் ஒன்றே பதில்.

சோதனையெல்லாம் பிறகு. முதலில் 640 ஜிபியை வேறு டிஸ்க்குக்குக் காப்பி செய்ததில், சராசரி நொடிக்கு 100 எம்பி வேகத்தில், இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக முடிந்தது. அதன்பின் ஆறு மணி நேரம் ஓட்டியும் சி7 அதே 1,246, சி5 0.

அந்த எண்ணையும் தேதியையும் மார்க்கரால் டிஸ்க்கின் லேபிளில் எழுதியாயிற்று, காற்றுத் துளையை மறைக்காமல். கார்த்திகை மழை விட்டதும் மறுபடி பார்க்க வேண்டும்.