லெதர் கோரல் சுருங்கினால் உடனே மருந்தைத் தேடாதீர்கள்

கோரலின் மேல் பூப்போல விரியும் பாலிப் எல்லாம் உள்ளே போய்விட்டது, மேலே பளபளவென்று ஏதோ படிந்திருக்கிறது, என்ன ஊற்றலாம்? கடல்நீர் டேங்க்கில் டோட்ஸ்டூல் லெதர் என்ற காளான் வடிவ சாஃப்ட் கோரலை (மென்பவளத்தை) வளர்க்கிற எல்லோருக்கும் இந்தப் பதற்றம் ஒரு நாள் வரும். பெரும்பாலும் எதையும் ஊற்ற வேண்டியதில்லை. பாம்பு சட்டையை உரிப்பதுபோல இந்தக் கோரல் அவ்வப்போது மெழுகுப் படலம் ஒன்றை உரித்துப்போடும், அதோடு மேலே படிந்த பாசியும் அழுக்கும் போய்விடும். சில நாளில் முடியலாம், இரண்டு வாரம்கூட இழுக்கலாம். அந்தச் சமயத்தில் நீரோட்டம் அதன் மேல் நன்றாகப் படுகிறதா என்று மட்டும் பாருங்கள், ஓட்டம் இல்லாவிட்டால் படலம் கழன்று போகாமல் அங்கேயே ஒட்டி, அதன் மேல் பாசி பிடித்து, அடியில் சதை கெட ஆரம்பிக்கும்.

உரிக்கிறதா, அழுகுகிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி. கையுறை போட்டுத் தொட்டுப் பாருங்கள். உரிக்கிற கோரல் சுருங்கியிருந்தாலும் கெட்டியாக இருக்கும். அழுகுகிற இடம் கொழகொழவென்று இருக்கும், பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறி விரல் பட்டாலே பிய்ந்து வரும், நாற்றமும் அடிக்கும். தண்டின் அடிப்பகுதியை மறக்காமல் பாருங்கள், மேலே எல்லாம் சரியாகத் தெரியும்போதே பாறையில் ஒட்டியிருக்கும் இடம் கெட்டுக்கொண்டிருக்கலாம்.

அப்புறம், வாடியிருப்பது ஒரு கோரல் மட்டுமா, டேங்க் முழுக்கவா? எல்லாமே ஒன்றாகச் சுருங்கியிருந்தால் தண்ணீரில்தான் கோளாறு. முதலில் உப்பின் அளவைப் பாருங்கள், 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது 25 டிகிரியில் ஒப்படர்த்தி 1.026 பக்கம் இருக்க வேண்டும். உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் நீரில் மட்டும் சரிபார்த்துவிட்டு நம்பாதீர்கள், 35 பிபிடி திரவத்திலும் சரிபாருங்கள். தண்ணீரில் உலோகத்தைக் கலக்கும் துருப்பிடித்த காந்தம், பம்பில் இருக்கும் திருகு, மீனுக்குப் போட்ட செம்பு மருந்து, இவையும் சந்தேகப் பட்டியலில் இருக்கட்டும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் என்று காட்டினால் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு, சாஃப்ட் கோரலுக்கு அது பட்டினி. நிறம் வெளிறுவதற்கு விளக்கைக் குறை சொல்வதற்கு முன் இதையும் பார்த்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் வாடினால் அதன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். ஒரே பக்கம் சுருங்கியிருந்தால், அந்தப் பக்கம் பம்பின் வேகம் நேராக அடிக்கலாம், அல்லது ராத்திரியில் நீண்ட கொடுக்கை நீட்டும் கடினக் கோரல் ஒன்று கொட்டிக்கொண்டிருக்கலாம். விளக்கணைந்து ஓரிரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், இலையைத் தின்னும் புழு மாதிரி கோரலைத் தின்னும் நுடிபிராங்க் என்ற ஓடில்லாக் கடல் நத்தைகளும் அப்போதுதான் கண்ணில் படும். லெதர் கோரல்களும் சாதுவல்ல, டெர்பீன் வகை ரசாயனங்களைத் தண்ணீரில் கசியவிட்டு மற்றவற்றை ஒடுக்கும். கலப்பு டேங்க்கில் இந்த ரசாயனங்களை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பனை (கரியை) வைத்து ஒழுங்காக மாற்றிக்கொண்டே இருப்பது, என்னைக் கேட்டால், கடையில் கிடைக்கும் எந்தப் பாட்டிலையும்விட மேல்.

அழுகல் உறுதி என்றால் தயங்கக் கூடாது. கோரலை வெளியே எடுத்து, கூரான பிளேடால் கெட்ட இடத்தோடு கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்து வெட்டுங்கள். மிச்சத்தை டேங்க் நீரில் அயோடின் கலந்து, பாட்டிலில் சொன்ன அளவிலும் நேரத்திலும் முக்கி எடுத்து, மிதமான ஓட்டத்தில் ஒரு கல்லின் மேல் வலையால் தளர்வாகக் கட்டி வையுங்கள். அடி முழுக்கப் போய்த் தொப்பி மட்டும் மிஞ்சினாலும் புதிதாக வேர்பிடித்து வளர்ந்துவிடும், லெதரின் உயிர்ப்பு அப்படி.

பொத்தான் போலக் கூட்டமாக வளரும் சோவாந்திட்களை மட்டும் இப்படித் துணிந்து வெட்டாதீர்கள். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் உண்டு. கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் இல்லாமல் தொடவே கூடாது, அவை ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்க வைக்கவும் கூடாது, ஆவியோடு அந்த விஷம் மூச்சில் ஏறி வீட்டில் உள்ள எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம்.