காடிகோய் நாட்கள்

நவம்பர் 9

இஸ்தான்புல்லில் இன்னொரு நாள். இவருக்கு இன்றும் வாய்வழியாக ஒன்றும் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

நவம்பர் 10

காலையில் தெருமுனை வண்டியில் சிமித் வாங்கிக்கொண்டு திரும்பினேன். சரியாக 9:05க்குச் சங்கு ஊதியது. தெரு அப்படியே நின்றுவிட்டது. டாக்சிக்காரர் கதவைத் திறந்து இறங்கி நின்றார். பள்ளிக்கூடப் பையன்கள் நின்றார்கள். துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் 1938இல் இறந்த நேரமாம். துறைமுகத்திலிருந்து கப்பல்கள் சேர்ந்து ஊதின. இவருக்குக் கேட்டிருக்குமா? ஊதலை வைத்தே எவ்வளவு பெரிய கப்பல் என்று சொல்லிவிடுவார்.

சிமித் என்பது வளையமான ரொட்டி. திராட்சைப் பாகு கலந்த தண்ணீரில் முக்கி, எள்ளில் புரட்டிச் சுடுகிறார்கள். பிய்த்தால் எள்ளுருண்டை வாசனை. பாதிதான் இறங்கியது.

நவம்பர் 12

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு சின்ன லொகாந்தா இருக்கிறது. சமைத்ததையெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் சூடாக வைத்திருப்பார்கள். பெயர் தெரிய வேண்டியதில்லை, விரலை நீட்டினால் போதும். பதினோரு நாளாக அங்கே ஒரே சூப்பைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறேன். மெர்ஜிமெக் சோர்பா. நம் மைசூர்ப் பருப்புதான். வெங்காயம், கேரட், கொஞ்சம் உருளைக்கிழங்கு சேர்த்துக் குழைய வேகவைத்து, ஒரு திப்பிகூட இல்லாமல் அரைத்துவிடுகிறார்கள். மேலே வெண்ணெயில் காய்ந்த புதினாவும் மிளகாய்த் தூளும் பொரித்து ஊற்றுகிறார்கள். நாம் தாளிப்பது போலத்தான், கடுகு மட்டும் இல்லை. எலுமிச்சைத் துண்டை நாமே பிழிந்துகொள்ள வேண்டும். பிழிந்ததும் சிவப்பு எண்ணெய் வட்டம் வட்டமாக உடைந்து ஓரத்துக்கு நகரும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன் தினமும்.

இதைத்தான் இவருக்கு முதலில் கொடுக்க வேண்டும். தோல் கிடையாது, விதை கிடையாது, மிளகாய் இல்லாமல் கேட்டால் தருவார்கள். ஸ்பூனில் எடுத்தால் நூல் மாதிரி இறங்குகிறது. தொண்டையில் நிற்காது.

எஸோகெலின் என்று இன்னொன்று உண்டு. அதில் புல்கூர் கோதுமை, அரிசி, தக்காளி விழுது எல்லாம் சேரும். அது அப்புறம்தான். காசியான்தெப் பக்கத்து ஊரில் பிறந்த எஸோ என்ற பெண்ணின் பெயர் அது. கட்டிக்கொடுத்தது எல்லைக்கு அந்தப் பக்கம், சிரியாவில். பிறந்த ஊரைப் பார்த்து ஏங்கியே போய்விட்டாள் என்று சொல்கிறார்கள். இதைக் கேட்டபின் அந்தச் சூப்பைக் கேட்க வாய் வரவில்லை.

நவம்பர் 13

கெச்மிஷ் ஓல்சுன். வாட்ச்மேன் சொல்கிறார், மருந்துக்கடைப் பையன் சொல்கிறான், லிஃப்டில் முன்பின் தெரியாத பாட்டி சொல்கிறாள். கடந்துபோன ஒன்றாக ஆகட்டும் என்று அர்த்தம். ஆகட்டும்.

நவம்பர் 16

காலை நான்கு மணிக்குக் கீழ்வீட்டு அடுப்படியில் விளக்கு எரிகிறது. தினமும். நானும் முழித்துத்தான் இருக்கிறேன், அதனால் தெரியும்.

இன்று அந்த அம்மாவே கதவைத் தட்டி, கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போனார். தெய்ஸே என்று கூப்பிடச் சொன்னார். அம்மாவின் அக்கா தங்கைக்கான சொல், வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அப்படிக் கூப்பிடலாம். என்னைக் கிஸிம் என்கிறார், மகளே என்று. ஊர் அந்தாக்யா. மற்றதைப் போனில் மொழிபெயர்த்துக்கொண்டோம். 2023 பிப்ரவரி 6, காலை 4:17, நிலநடுக்கம். அந்த நேரத்தை மட்டும் போனில் பேசாமல், தாளில் எழுதிக் காட்டினார். அதற்குப் பிறகு அந்நேரத்தில் படுத்திருக்க முடியவில்லையாம். எழுந்து மாவு பிசைகிறார்.

எனக்காகக் கிஸிர் செய்தார். பொடி புல்கூரில் கொதிநீர் ஊற்றி மூடிவைத்து, மிளகாய் விழுது போட்டுக் கையால் பிசைந்துகொண்டே இருந்தார், ஒவ்வொரு மணியும் சிவக்கும்வரை. அப்புறம் வெங்காயத்தாள், பார்ஸ்லி, மாதுளம்பழச் சாற்றைக் காய்ச்சிய கறுப்புப் புளிப்பு. நார் எக்ஷிஸி என்று பெயர். ஒரு சொட்டை நாக்கில் வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. புளி! கரைத்துக் காய்ச்சிய புளிக்குழம்பின் அடி வாசம். இந்த ஊருக்கு வந்த பிறகு இன்றுதான் புளி.

மிளகாய் விழுதை அவர் தங்கை சாமன்தாவிலிருந்து அனுப்புகிறார். கோடை முடிவில் சிவப்புக் குடைமிளகாயை அரைத்து, உப்புப் போட்டு, தட்டுத் தட்டாக மொட்டை மாடி வெயிலில் காயவைப்பார்களாம். எங்கள் வீட்டில் மாடியில் வற்றல் போட்டதைச் சொன்னேன். காக்காய்க்கு யார் காவல் என்று கேட்டார். எங்களைத்தான் உட்காரவைப்பார்கள் என்றேன். எங்களையும்தான் என்றார்.

எலினிஸெ சாலிக் என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். உங்கள் கைக்கு ஆரோக்கியம்.

நவம்பர் 19

லோதோஸ். தெற்கிலிருந்து அடிக்கும் காற்று. படகுகள் நிறுத்தம். ஜன்னல் இரவெல்லாம் அடித்துக்கொண்டது, தலைவலி. இந்தக் காற்றில் எல்லோருக்கும் தலை வலிக்குமாம். ரிப்போர்ட் இன்று வரும் என்றார்கள், வரவில்லை. நாளை என்கிறார்கள். நாளை என்பதற்கு யாரின். இந்தச் சொல்லை எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

சாப்பிடவில்லை.

நவம்பர் 21

மூன்று ஸ்பூன்!

மெர்ஜிமெக் இல்லை. நர்ஸ் தயிர் சூப்தான் முதலில் என்றாள். யாய்லா சோர்பா. தயிரில் முட்டை மஞ்சள் கருவும் மாவும் அடித்து, குழைந்த சோற்றுக் கஞ்சியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டுவது. சட்டென்று ஊற்றினால் திரிந்துவிடும். சோற்றை வடிகட்டித் தந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். "மோர்க்குழம்பா?" என்றார். மூன்று வாரத்தில் இதுதான் முழுசாக ஒரு சொல். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அத்தைக்குப் போன் செய்தேன். பாப்பாவிடமும் சொன்னேன். மூன்று ஸ்பூன், மூன்று ஸ்பூன்.

நவம்பர் 24

ஏழு ஸ்பூன்.

நர்ஸுகள் இருவர் மெனெமெனில் வெங்காயம் போடலாமா கூடாதா என்று எனக்காகச் சண்டை போட்டார்கள். தக்காளி, பச்சை மிளகாய், முட்டை, அவ்வளவுதான் மெனெமென். வெங்காயத்தில்தான் தகராறு. 2018இல் வேதாத் மிலோர் என்ற உணவு விமர்சகர் ட்விட்டரில் கேட்டதற்கு 4 லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்களாம். வெங்காயக் கட்சிக்கு 51 சதவீதம். நானும் வெங்காயக் கட்சி. இவரைக் கேட்டோம், தலையை ஆட்டினார். ஆமாமா இல்லையா என்று இன்னும் சண்டை தீரவில்லை.

தெய்ஸே மந்தி அனுப்பியிருந்தார். கட்டைவிரல் நகத்தளவு கொழுக்கட்டை, உள்ளே மிளகளவு கறி, மேலே பூண்டுத் தயிர். கைசேரிப் பெண்கள் ஒரு ஸ்பூனில் நாற்பது நிற்கிற மாதிரி பிடிப்பார்களாம். எண்ணிப் பார்த்தேன், என் ஸ்பூனில் பதினொன்று.

நவம்பர் 27

திரும்பவும் காய்ச்சல். 39.1. ஸ்பூன் எதுவும் இல்லை.

நவம்பர் 28

லொகாந்தாவுக்குப் போனேன். கேட்காமலே சூப்பை வைத்தார்கள். எலுமிச்சை பிழியவில்லை. ஆறிப்போய் மேலே ஆடை கட்டியது. தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. பருப்பையும் புதினாவையும் இந்த மழையையும் சேர்த்து.

நான்கு மணிக்குக் கீழே விளக்கு. போய் உட்கார்ந்துகொண்டேன். பேசவில்லை. மாவில் ஒரு பாதியை வெட்டி என் பக்கம் தள்ளினார். பிசைந்தேன்.

டிசம்பர் 1

37.4.

போய் வா என்று தெய்ஸேதான் விரட்டினார். படகில் எமினோனு, அங்கிருந்து ஏற்றத்தில் வேஃபா. 1876 முதல் இருக்கும் போஸாக் கடை. சிறுதானியத்தை வேகவைத்துப் புளிக்கவைத்த கூழ், ஸ்பூனால் எடுக்கும் கெட்டி. மேலே பட்டைப்பொடி. தொட்டுக்கொள்ள லெப்லெபி என்ற வறுத்த கடலையை எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டு வர வேண்டும். பொட்டுக்கடலைக்கு உடன்பிறப்பு. கடலையைப் போனதும் கூழில் போட்டு, ஊறுவதற்குள் சாப்பிட வேண்டும். அதாதுர்க் குடித்த தம்ளரைச் சுவரில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். முதல் வாய் இனிப்பு, அப்புறம் மெல்ல மெல்லப் புளிப்பு. ஆடிக்கூழ் இனிப்பாக இருந்தால் இப்படித்தான் இருக்கும்.

ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். இவருக்கு எப்போது என்று தெரியாமலே.

டிசம்பர் 4

சந்தையில் நெத்திலி! ஹம்ஸி என்கிறார்கள். கருங்கடல் மீன், குளிரில்தான் கொழுப்பு ஏறும். சிவப்புத் தாம்பாளங்களில் பூ அடுக்கின மாதிரி அடுக்கி, தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். சோளமாவில் புரட்டி, வாணலியில் சக்கரம் போல அடுக்கி, மொத்தமாகத் திருப்பிப் பொரிக்கிறார்கள். படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தலையை எடுக்கலையே" என்றார். ஊரில் தலையைக் கிள்ளாத நெத்திலியை வீட்டுக்குள் விடமாட்டார்.

பதினைந்து ஸ்பூன் மெர்ஜிமெக். எலுமிச்சை தானே பிழிந்தார்.

டிசம்பர் 6

தர்ஹானா, அரைக் கிண்ணம். தயிரும் மாவும் தக்காளியும் மிளகாயும் நாள்கணக்கில் புளிக்கவைத்து, காயவைத்துப் பொடித்தது. கரைத்துக் கொதிக்கவிட்டால் சூப். எண்ணுவதை நிறுத்தச் சொன்னார்.

டிசம்பர் 8

தெய்ஸே ஒரு முழுப் பூசணிக்காயை வாங்கி வந்திருக்கிறார். நானும் சேர்ந்து நறுக்கினேன். துண்டுகளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டு இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். அந்தாக்யாப் பக்கம் இப்படித்தான் செய்வார்களாம். காலையில் பல தண்ணீர் விட்டுக் கழுவி, சர்க்கரைப் பாகில் வேகவைத்தால் வெளியே கண்ணாடி மாதிரி நொறுங்கும், உள்ளே ஜெல்லி. மேலே எள் விழுதும் அக்ரூட் பருப்பும். பூசணியைச் சுண்ணாம்பில் போட்டதைப் பார்த்ததும் ஆச்சிக்கு வெற்றிலை தடவிக்கொடுத்தது ஞாபகம் வந்தது.

நொறுங்கும் தோல் இவருக்கு ஆகுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். உள்ளே இருக்கிற மெத்தென்ற பாகத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம் என்கிறார் தெய்ஸே. பாத்திரத்தை என் வீட்டில்தான் வைத்திருக்கிறேன். மேலே வெள்ளை மெல்லப் படிந்துகொண்டிருக்கிறது. நடுவில் ஒருமுறை எழுந்து கிளறிவிடச் சொல்லியிருக்கிறார், நான்கு மணிக்கு.