முப்பது நாள்தான், ஆனால் எந்த நாளிலிருந்து?

கும்பகோணத்தில் இருந்துகொண்டு, வீட்டுக்கடன், அடமானக் கடன் வாங்குகிறவர்களின் வீட்டுக்கே போய்க் கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்கிக் கொடுப்பது என் வேலை. மாதச் சம்பளம் கிடையாது, ஒரு கடனுக்கான மொத்தப் பத்திரங்களும் ஒரு செட், செட்டுக்கு 400 ரூபாய். எனக்கு வேலை கொடுக்கிற ஏஜென்சியிலிருந்து பிடிஎஃப் வரும், பிரிண்ட் எடுத்துக்கொண்டு வலங்கைமானோ குடவாசலோ பைக்கில் போய், கடன் வாங்குகிறவர், அவர் மனைவி, ஜாமீன்தாரர் எல்லாரையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்து (கஷ்டமே இதுதான், அறுப்புக் காலத்தில் போனால் யாராவது ஒருத்தர் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவல் கிடப்பார்) பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து அனுப்பி, மறுநாள் அசலைக் கூரியரில் போட்டால் என் பங்கு முடிந்தது.

முடிந்தது என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஒரு ஏஜென்சிக்கு இரண்டு மாதத்தில் 19 செட் முடித்துக் கொடுத்தேன். 7,600 ரூபாய். 'பில் கொடுத்து 30 நாளில் பணம் வந்துடும் சார்' என்று முதல் நாள் போனில் சொன்னார்கள், நானும் சரி என்றுவிட்டேன். முப்பது நாள் கழித்துக் கேட்டால் கணக்குப் பார்க்கிற பெண், 'பில் ஹெட் ஆபீஸ், ஹெச்.ஓ.வுக்குப் போய் அங்க அப்ரூவ் ஆன தேதியிலேருந்துதான் சார் 30 நாள்' என்கிறார். அப்ரூவ் எப்போது ஆகும் என்றால், லோன் டிஸ்பர்ஸ் ஆன பிறகு, அதாவது கடன் பணம் பட்டுவாடா ஆன பிறகு. ஒருவழியாக 74-வது நாள் பணம் வந்தது, 13 செட்டுக்கு மட்டும். மிச்சம் ஆறு ஃபைல் 'டிராப்' ஆகிவிட்டதாம், அதனால் அதற்குக் காசு இல்லையாம்.

அந்த ஆறில் ஒன்றுக்கு நான் நீடாமங்கலத்துக்கு மூன்று தடவை போனவன். மூன்று தடவையும் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது, அது வேறு கதை. மூன்றாவது தடவை போனதே அவர்கள் அனுப்பிய பத்திரத்தில் ஜாமீன்தாரரின் அப்பா பெயரைத் தப்பாக அடித்திருந்ததால்தான். பெட்ரோல் என்னுடையது, பேப்பர், டோனர் என்னுடையது, கடனை வேண்டாம் என்று சொன்னது மட்டும் பார்ட்டி.

யோசித்துப் பார்த்தால் குழப்பம் எங்கே என்று புரிகிறது. கடன் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்டுக்குக் கமிஷன், கடன் பட்டுவாடா ஆனால்தான் வரும், அது நியாயம்தான், அவருடைய வேலையே கடனை முடித்து வைப்பது. ஏஜென்சிக்காரர்கள் எல்லாரையும் அந்த ஒரே கணக்கில் போட்டுவிடுகிறார்கள். நான் கடன் பிடிக்கிறவன் இல்லை. சிபில் ஸ்கோர் குறைந்தாலோ வில்லங்கத்தில் ஏதாவது கிளம்பினாலோ நான் என்ன செய்ய முடியும்? கையெழுத்து விழுந்த நேரத்தில் என் கூலி விளைந்துவிட்டது. நடவாட்களுக்கு அன்றைக்கு வேலை முடிந்து கரையேறும்போது கூலி, அந்த வயல் விளைந்ததா மூழ்கியதா என்று பார்த்துவிட்டா கொடுக்கிறோம்?

காத்திருக்கிறது நம் ஊருக்குப் புதுசு இல்லை. உரக்கடைப் பாக்கி அறுப்புக்கு அறுப்புதான் தீரும். ஆனால் ஆடுதுறை 43 நெல் ரகம் போட்டால் 110 நாள் பயிர் என்று கடைக்காரருக்கும் தெரியும், எண்ணிக்கை விதைத்த நாளிலிருந்து ஓடுகிறது என்றும் தெரியும். 'ஹெச்.ஓ. அப்ரூவல்' விதைத்த நாளா, நாற்றுப் பறித்த நாளா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

என் சித்தி மகள் டெக்சாஸில் நோட்டரி சைனிங் ஏஜென்ட், கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்கி நோட்டரி முத்திரை போடுகிற வேலை. அங்கே நோட்டரிக்கு வக்கீலாக இருக்க வேண்டியதில்லை (இங்கே 1952-ஆம் வருஷச் சட்டப்படி பெரும்பாலும் வக்கீல்கள்தான், கோர்ட் வாசலில் முத்திரை குத்தியதும் காசு கைக்கு வந்துவிடும், கொடுத்து வைத்தவர்கள்). அவளுக்கும் இதே பாடு. வேலை கொடுக்கிறது இடையில் இருக்கிற சைனிங் கம்பெனி, அவர்களுக்கு டைட்டில் கம்பெனி (சொத்தின் உரிமையைச் சரிபார்த்துக் கடனை முடித்து வைக்கிறவர்கள்) பணம் தந்தால்தான் இவளுக்கு வரும் என்பார்களாம். ரீஃபைனான்ஸ் (பழைய வீட்டுக்கடனை அடைக்கப் புதுக்கடன்) என்றால், கையெழுத்துப் போட்ட பிறகும் மனசு மாற மூன்று நாள் அவகாசம் அங்கே சட்டத்திலேயே உண்டு, அதில் பார்ட்டி பின்வாங்கினால் இவளுக்குக் காசு தர இழுப்பார்கள். 'தம்பி, அவங்க யார்கிட்ட எப்ப வாங்குறாங்கங்கறது நம்ம பாடு இல்லடா. ஒவ்வொரு ஆர்டருக்கும் தேதி, ரேட் எல்லாம் மெயில்ல வந்தப்புறம்தான் நான் பிரிண்டையே போடுவேன்' என்றாள்.

அப்புறம் எனக்குத் தெரிந்த ஆடிட்டர் ஒருவர் சொன்னதுதான் கண்ணைத் திறந்தது. 2006-ஆம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) உள்ள என் மாதிரி ஆளுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. அந்த நாள் கணக்கு, வேலையில் குறை என்று 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லாவிட்டால், வேலையைச் செய்து கொடுத்த நாளிலிருந்தே ஓடும். ஹெச்.ஓ. அப்ரூவலிலிருந்து இல்லை! தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, இந்தக் கெடுவைத் தாண்டி இழுத்தடித்த தொகையை, பணம் கொடுத்த வருஷத்தில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். மார்ச் நெருங்கினால் அவர்கள் ஆடிட்டரே போன் போட்டு உலுக்குவார். உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம், காசு கேட்கிறவரிடம் போகாதீர்கள். வேலையைத் தொடங்கும் முன்பே பதிந்துவிடுங்கள், பின்னால் பதிந்துவிட்டுப் பழைய பாக்கிக்குச் சட்டம் பேசினால் வம்பு. நான் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன், அந்த ஆறு செட் 2,400 ரூபாய் இன்னும் வரவில்லை.

இப்போது புது வேலை வந்தால் முதலில் ஒரு மெயில் அனுப்புகிறேன். கையெழுத்து வாங்கிய தேதியிலிருந்து 21 நாளில் பணம், கடன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். நான் வாசலில் போய் நின்ற பிறகு பார்ட்டி வேண்டாம் என்றால் பாதி. உங்கள் பிழைக்காக மறுபடி போனால் தனி செட். வாராவாரம் சனிக்கிழமை பில் போடுகிறேன், மாதக் கடைசி வரை சேர்த்து வைப்பதை விட்டுவிட்டேன். டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கிற வருமான வரி) பிடித்தால் அது வரித்துறையில் என் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன்.

மெயில் அனுப்பிய நாலு ஏஜென்சியில் ஒன்று பதிலே போடவில்லை. இரண்டு சரி என்றார்கள். நாலாவது 21-ஐ 30 ஆக்கச் சொன்னது, கையெழுத்து நாளிலிருந்துதானே என்று கேட்டேன், 'ஆமா சார்' என்றார்கள், எழுதி வாங்கிக்கொண்டேன். நாளைக்கு அவர்களுடைய முதல் செட், பாபநாசத்தில்.