த்ரீ நாட் த்ரீயும் ஐந்து தோட்டாக்களும்

1988இல், கல்லூரியின் தேசிய மாணவர் படை முகாமில்தான் முதன்முதலாக த்ரீ நாட் த்ரீ (.303) ரைபிளைச் சுட்டேன். எனக்குக் கிடைத்த ரைபிளில், போல்டின் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டின்) கைப்பிடிக்குக் கீழே வலப்பக்க இரும்பில் ஒரு கிரீடம், ஜி.ஆர்.ஐ. என்ற ஜார்ஜ் மன்னரின் முத்திரை எழுத்துகள், அதைச் செய்த தொழிற்சாலை இருந்த இஷாப்பூர், 1942 என்று பொறித்திருந்தது. என் அப்பா பிறந்த வருடம். எடை ஏறக்குறைய நான்கு கிலோ.

குப்புறப் படுத்தோம். "பர்" (நிரப்பு) என்று உஸ்தாத், எங்கள் பயிற்சியாளர், குரல் கொடுத்ததும் போல்டைத் திறந்து, ஐந்து உதிரித் தோட்டாக்களைக் கட்டைவிரலால் மேகசினுக்குள் அழுத்தினேன். பத்து பிடிக்கும், எங்களுக்கு ஐந்துதான். போல்டை முன்னே தள்ளும்போது கடைசியில் ஒரு ஸ்பிரிங் எதிர்த்து நிற்கும். அங்கே தயங்காமல் தள்ளிக் கீழே மடக்க வேண்டும்.

குறிபார்க்கும் பின்பக்கப் பட்டையான பேக்சைட்டின் மிகக் குறைந்த அளவே 200 கெஜம். இலக்கோ 100 கெஜத்தில். குண்டு சற்று மேலே போகும் என்பதால் கறுப்பு வட்டத்தின் அடியில் குறிவைக்கச் சொல்லியிருந்தார்கள். ட்ரிகர் இரண்டு கட்டமாக வரும்: முதலில் இலகுவாக, பிறகு ஒரு தடை. அங்கே மூச்சைப் பிடித்து மெல்ல அழுத்தினேன். கட்டை தோள்குழியில் இடித்தது. பஞ்சு வைத்திருந்தும் காது அடைத்துக்கொண்டது.

இரண்டாவது தோட்டா பாதியில் சிக்கியது. போல்ட் நகரவில்லை. பலத்தைக் காட்டத் தோன்றிய நொடியில், "விரலை வெளியே எடு. குழல் இலக்கைப் பார்த்தே இருக்கட்டும்" என்று உஸ்தாத் பக்கத்தில் மண்டியிட்டார். போல்டை இழுத்து, தோட்டாவை வெளியே எடுத்து என் கண்ணெதிரே நீட்டினார். அதன் பின்முனையில், ஆணித்தலை போல வெளியே நீண்ட ஒரு விளிம்பு. மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் அமர வேண்டும். நான் அதைப் பின்னால் அமர்த்திவிட்டேன். முன்னே போகும்போது கீழ்த்தோட்டாவையும் கொக்கி போட்டு இழுத்திருக்கிறது. முந்தைய நாள் வகுப்பில் சொன்னதுதான். விரல் அதைக் கற்றது அந்த மண்ணில் படுத்திருந்தபோதுதான்.

மீதி நான்கையும் நிதானமாகச் சுட்டேன். "காலி கர்" (காலி செய்) முடிந்து, வெற்றுத் தோட்டாக்களை எண்ணி ஒப்படைத்தோம்.

மாலையில் குழலுக்குள் வெந்நீர் ஊற்றி, புல்த்ரூ என்ற துப்புரவுக் கயிற்றில் துணி கோத்து, கரி வருவது நிற்கும் வரை இழுத்தேன். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஐந்து வரிப்பள்ளங்கள், இடப்பக்கமாகச் சுழன்று, கண்ணாடிபோல் மின்னின.